தோட்டப்புற மண்டபப் போட்டிகளை இரண்டு பேர் நேரலை செய்வது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், திருமுறை ஓதும் போட்டியானாலும் பேச்சுப் போட்டியானாலும், நேரலைக்குக் கிடைப்பது இரண்டு பேர்தான். ஏடெம் மினி ப்ரோ பெட்டி (கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டி, படத்தையும் ஒலியையும் இணையத்துக்கு அனுப்பும் கருவி), இரண்டு கேமரா, சிம் போட்ட ரவுட்டர், யூடியூப். நாங்கள் வெகுகாலமாக நம்பியிருப்பது இதைத்தான்.

ஒருவர் பெட்டியிலும் இன்னொருவர் ஒலியிலும் இருக்கட்டும். கேமராவுக்கு ஆள் தேவையில்லை. ஒன்றை மேடை முழுதும் தெரியும்படி பின்னால் உயரத்தில் நிறுத்துங்கள். மற்றொன்று ஓதுபவரின் மார்பளவுக்கு. பாலர் பிரிவு முடிந்து பெரியவர்கள் ஏறும்போது மட்டும் இரண்டாவதன் உயரத்தை மாற்றினால் போதும். நான்கு எச்டிஎம்ஐ வழி இருப்பதால் நான்கு கேமரா வைக்க ஆசை வரும். ஆள் இல்லாத இடத்தில் அது வீண் சுமை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50-ல் வையுங்கள், மேடை விளக்கு படத்தில் சிமிட்டாது.

படம் கொஞ்சம் மங்கினால் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள், பிள்ளையின் குரல் கரகரத்தால் பொறுக்க மாட்டார்கள். மண்டப மிக்சரிலிருந்து தனி ஆக்ஸ் (கூடுதல் ஒலி வெளியீடு) வழியாக ஒலி எடுங்கள். பெட்டியின் 3.5 மி.மீ. துளை ‘மைக்’ என்ற அமைப்பில் இருந்தால் ஒலி உடையும், ‘லைன்’ ஆக்குங்கள். உறுமல் வந்தால் நடுவே ஐசொலேட்டர் (மின் இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போடுங்கள். இரண்டாவது துளையில் ஒரு மைக்கை மேடைப் பக்கம் திருப்பி வைத்தால்தான் தாளமும் கைத்தட்டலும் கேட்கும். நீதிபதிகள் புள்ளிகளைக் கூட்டும்போது இரண்டு வழியையும் அடைத்துவிடுங்கள், அவர்கள் பேச்சு வெளியே போகக்கூடாது. இடைவேளையில் மண்டபத்தார் போடும் சினிமாப் பாட்டுக்கும் அதேதான், காப்புரிமைக் கோரல் வந்து சேரும்.

இணையத்தைக் காலையில் காலி மண்டபத்தில் சோதித்துவிட்டு நம்பாதீர்கள். கூட்டம் நிறைந்ததும் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே கோபுரத்தைப் பிடிக்கும், அப்லோட் சரியும். அளந்த வேகத்தில் பாதிக்கு மேல் அனுப்ப வேண்டாம். 3 எம்பிபிஎஸ் போதும். 8 மணி நேரத்துக்குச் சுமார் 11 ஜிபி போகும், ஹாட்ஸ்பாட் டேட்டா அளவைப் பார்த்து சிம் வாங்குங்கள். தகரக் கூரைக்குள் சிக்னல் மெலியும், ரவுட்டரைச் சன்னல் ஓரம் வைத்து லேன் வயர் இழுங்கள். கைப்பேசியைப் பெட்டியோடு இணைத்தும் அனுப்பலாம், ஆனால் பதிவு வட்டும் அதே யூஎஸ்பி-சி துளையைத்தான் கேட்கும்.

மாலை இடியோடு மழை பிடித்தால் மின்சாரம் ஒரு நொடி வெட்டும். பெட்டிக்குள் பேட்டரி கிடையாது. மீண்டும் எழுந்த பிறகு ‘ஆன் ஏர்’ பொத்தானை அழுத்தாவிட்டால் நேரலை நின்றபடியே இருக்கும். பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் கட்டாயம். யூடியூபில் ‘ஆட்டோ ஸ்டாப்’ அமைப்பையும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அறுந்த நேரலை முடிந்ததாகிவிடும், பகிர்ந்த இணைப்பும் பயனற்றுப் போகும்.

12 மணி நேரத்தைத் தாண்டிய நேரலை யூடியூபில் தானாகச் சேமிக்கப்படாது. மதியச் சாப்பாட்டோடு ஒன்றை முடித்து, அடுத்த பிரிவைப் புதிய இணைப்பில் தொடங்குங்கள்.