கியூவில் பிடிபட்ட கப்பல்களின் கட்டுகள்: ஆறு சனிக்கிழமைகளுக்குப் பிறகு

லண்டனில் கியூ என்ற இடத்தில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஆறு சனிக்கிழமைகள் போய் உட்கார்ந்து படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் கேட்டு வாங்கியது ஒரே வகைதான்: கடல் வழக்குகளை விசாரித்த அட்மிரால்டி உயர் நீதிமன்றத்தில் நடந்த கப்பல் பறிமுதல் வழக்குகளின் கட்டுகள். காலனிக் காலக் கடல் வாணிபத்தில் ஆர்வம் இருக்கிற யாராக இருந்தாலும், கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குகளையும் கவர்னர் கடிதங்களையும் மட்டும் படித்திருந்தால், ஒருநாளாவது இங்கே வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் இந்தக் காகிதங்கள் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் இங்கிலாந்தின் கடற்படையோ, அரசு உரிமம் பெற்ற தனியார் கப்பலோ எதிரிக் கப்பலைப் பிடித்தால் அது உடனே பிடித்தவனுடைய சொத்து ஆகிவிடாது. கப்பலும் சரக்கும் எதிரியுடையவைதான் என்று நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டும், அதுவரை விற்கவோ பங்கு பிரிக்கவோ முடியாது. அதனால் கப்பலில் இருந்த காகிதம் அத்தனையும், சரக்கு ரசீது, கப்பல் நாட்குறிப்பு, ஆள் பட்டியல், யார் யாருக்கோ போய்க்கொண்டிருந்த தபால் மூட்டை உட்பட, எதையும் எடுக்காமல் சேர்க்காமல் ஒப்படைக்கிறோம் என்று சத்தியம் செய்து கொடுத்தாக வேண்டும். வழக்கு முடிந்த பிறகும் பெரும்பாலானவற்றை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. 1652 முதல் 1815 வரை இப்படிச் சேர்ந்ததில் 35,000க்கும் மேற்பட்ட கப்பல்களின் காகிதங்கள் இருக்கின்றன, போய்ச் சேராத கடிதங்கள் மட்டும் சுமார் 1,60,000, மொழிகள் 19க்குக் குறையாது.

என்னைக் கட்டிப்போட்டது கடிதங்களைவிட விசாரணைத் தாள்கள்தான். பிடிபட்ட கப்பலின் தலைவனையும் இரண்டு மூன்று மாலுமிகளையும் கூப்பிட்டு, முன்கூட்டியே அச்சடித்து வைத்த கேள்விகளை வரிசையாகக் கேட்பார்கள். நீ எங்கே பிறந்தாய், எங்கே குடியிருக்கிறாய், எந்த அரசனின் குடி, கப்பல் யாருடையது, அது உனக்கு எப்படித் தெரியும், எந்தக் கொடி, வேறு கொடிகளும் வைத்திருந்தீர்களா, பிடிபடும் நேரத்தில் எந்தக் காகிதத்தையாவது கிழித்தீர்களா, எரித்தீர்களா, கடலில் போட்டீர்களா. எல்லாக் கப்பலுக்கும் ஏறக்குறைய இதே கேள்விகள். கம்பெனி ஆவணங்களில் மாலுமி என்பவன் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், அதோடு சரி. இங்கே அவன் பிறந்த ஊர், குடும்பம் இருக்கும் ஊர், எத்தனை வருடமாக இந்தத் தலைவனைத் தெரியும் என்பதெல்லாம் வருகிறது, கடைசியில் எழுதத் தெரியாதவனாக இருந்தால் ஒரு கீறல் போட்டிருக்கிறான். அந்தக் கீறலைப் பார்த்த அன்று நான் கொஞ்ச நேரம் அடுத்த தாளைத் திருப்பவே இல்லை.

ஆனால் இதை அப்படியே அவன் குரல் என்று எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். மாலுமி தன் மொழியில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொல்லி, குமாஸ்தா 'இந்தச் சாட்சி கூறுவதாவது' என்று படர்க்கையில் எழுதிய தாள் இது. அப்புறம் பொய். பொய் சொல்ல எல்லோருக்கும் காரணம் இருந்தது. பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போரில் (1756–63) பிரான்சின் கரீபியத் தீவுச் சர்க்கரை டச்சுக் கப்பல்களில் போனது, நடுநிலை நாட்டுச் சரக்கு என்று காகிதம் காட்டினார்கள். அமைதிக் காலத்தில் உனக்கு மூடியிருந்த வாணிபம் போர்க்காலத்தில் மட்டும் திறந்துவிடாது என்று ஆங்கில நீதிமன்றம் மறுத்தது, அதற்கு 1756ஆம் ஆண்டு விதி என்றே பெயர் வந்துவிட்டது. அதனால் ஒரே கப்பலில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தொகுதிக் காகிதங்கள் கிடைத்தால் குழம்ப வேண்டாம். எது உண்மை என்பதைவிட, எதை யாரிடம் காட்டுவதற்காக எழுதினார்கள் என்று பார்த்தால் அந்தக் காலத்துச் சரக்கு உண்மையில் யார் கை வழியாகப் போனது என்பது மெல்லத் தெரிகிறது.

நான் தேடிப் போனது துணி. சோழமண்டலக் கரையிலிருந்து கட்டுக்கட்டாகப் போன துணிகளின் பெயர்கள் சரக்குப் பட்டியல்களில் கொட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொரு ரசீதின் ஓரத்திலும் மூட்டையில் போட்ட அதே வணிக முத்திரையை மையில் வரைந்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வணிகரின் சரக்கைப் பல ரசீதுகளில் தொடரலாம். அதே மாதிரிப் பட்டியல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மனிதர்களையும் சரக்காக எண்ணிக்கை போட்டு எழுதியிருக்கிறார்கள். துணி எத்தனை கட்டு, ஆள் எத்தனை தலை, எல்லாம் ஒரே கையெழுத்து. நம் கரையில் நெய்த துணியில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த மனிதர்களை வாங்கத்தான் போனது, அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தாளைப் படிப்பது கஷ்டமாக இருந்தது. படிக்கத்தான் வேண்டும்.

நம் பக்கத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள வழக்கு சாந்தா கத்தரீனா கப்பலுடையது. வங்காளத்திலிருந்து இன்றைய ஈராக்கின் துறைமுகமான பாஸ்ராவுக்குப் போன அந்தக் கப்பலை 1748இல் ஆங்கிலக் கடற்படை இந்தியாவின் தென்கிழக்குக் கரையருகே பிடித்தது. சரக்கு ஆர்மீனிய வணிகர்களுடையது. வழக்கு லண்டன் மேல்முறையீடு வரை போனது, அதனாலேயே சுமார் 1,700 கடிதங்களும் வணிகக் காகிதங்களும் இன்றுவரை தப்பியிருக்கின்றன. ஈரானில் ஆர்மீனியர்கள் குடியிருந்த புது ஜூல்ஃபாவிலிருந்து இந்தியா வரை ஒருவருக்கொருவர் விலை, நம்பிக்கை, குடும்பச் சேதி எல்லாம் கலந்து எழுதிக்கொண்டது அது. கடிதங்கள் ஜூல்ஃபா பேச்சுவழக்கு ஆர்மீனியத்தில் இருப்பதால் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். அந்தக் கப்பல் மட்டும் பத்திரமாகப் பாஸ்ரா போயிருந்தால் இந்த வணிகர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கும்!

சேவை எப்படி என்றால், வாசகர் அட்டை இலவசம், அடையாளச் சான்று கொண்டுபோக வேண்டும். பையை லாக்கரில் வைத்துவிட்டு, தேவையானதை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு போகலாம். பேனா கூடாது, பென்சில் மட்டும். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு இல்லை. ஊழியர்கள் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், முதல் நாள் எந்த வரிசை எண் என்றே தெரியாமல் நின்ற என்னை ஒருவர் பட்டியல் முன்னால் உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கினார். லண்டன் வர முடியாதவர்களும் விட்டுவிட வேண்டாம்: ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகமும் இந்தக் காப்பகமும் சேர்ந்து 2018இல் தொடங்கிய பணியில் இந்தக் கட்டுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டு வருகிறார்கள். 2037 வரை நடக்கப்போகிற வேலை என்பதால் உங்கள் கப்பல் இன்னும் வராமல் இருக்கலாம்.

போவதற்கு முன்னால் சில விஷயங்கள். மாலுமிகளின் விசாரணைத் தாளில் கேள்வி இருக்காது, 'ஏழாவது கேள்விக்கு' என்று போட்டு விடை மட்டும் இருக்கும். அந்தப் போருக்கு அச்சடித்த கேள்விப் பட்டியலை முதலில் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 'ஆம், அறிவேன்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1752க்கு முந்தைய ஆங்கிலத் தேதி என்றால் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கும், ஜனவரி பிப்ரவரியில் நடந்தவற்றை ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். கையெழுத்து பழகும்வரை மேல்முறையீட்டுக்காக அச்சடித்த வழக்குச் சுருக்கங்களில் ஆரம்பிப்பது நல்லது. படியெடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு தந்த பிரதியில் துணிப் பெயர்கள் பாதி தப்பு, அசலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மெதுவாக இருந்தாலும் நீங்களே படியுங்கள்.

கட்டுகளுக்குள் காகிதம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். யான் டீர்லிங்க் என்ற டச்சு வணிகர் நன்னம்பிக்கை முனையில் சேகரித்த விதைகள் 1803இல் கப்பலோடு பிடிபட்டு, இரண்டு நூற்றாண்டு கழித்து அவர் பையிலிருந்து வெளியே வந்தன. 32 வகை விதைகள், அவற்றில் மூன்று முளைத்தன. 1758இல் பிடிபட்ட கலதே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மாலுமிகளுக்கு வீட்டிலிருந்து எழுதிய நூற்றுச் சொச்சம் கடிதங்கள் அண்மையில்தான் பிரித்துப் படிக்கப்பட்டன, கணவனுக்கு ராத்திரி முழுவதும் எழுதிக்கொண்டே இருக்க முடியும் என்கிறாள் ஒரு மனைவி. அது அவன் கைக்குப் போகவே இல்லை. அதனால் உங்கள் கட்டில் முத்திரை உடையாத கடிதம் ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களாகப் பிரிக்காதீர்கள், கையைத் தூரவைத்துக்கொண்டு ஊழியரைக் கூப்பிடுங்கள்.