ஜெனரேட்டர் வந்தது, சேஞ்ச் ஓவர் வரவில்லை

பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்களிடம் கரண்ட் பற்றிப் பேசினால் பேச்சு கஜாவில்தான் போய் நிற்கும். 2018 நவம்பர் 16 அன்று அடித்த அந்தப் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கானது. அப்பாவும் அம்மாவும் எழுபதைத் தாண்டியாயிற்று. இந்தத் தடவை ஒரு ஜெனரேட்டரை வாங்கி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று முடிவு.

வாங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை. 5 கே.வி.ஏ. டீசல், 0.8 பவர் ஃபேக்டர் என்பதால் கிடைப்பது 4 கிலோவாட். ஏசியை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் ஓடும். காலையில் பணம், சாயங்காலம் வண்டியில் வந்து இறங்கிவிட்டது. 2024 பெரில் புயலுக்கப்புறம் ஹூஸ்டன் வீட்டில் இதே வேலைக்கு பெர்மிட், கேஸ் இணைப்பு, இன்ஸ்பெக்‌ஷன் என்று மாதக்கணக்கில் அலைந்தவன் நான். நம்ம ஊர் நம்ம ஊர்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் கடையிலிருந்து ஃபிட்டிங் பையன் வந்தான். கையில் ஒரு வயர். அதன் இரண்டு முனையிலும் பிளக்!

"ஒண்ணை ஜெனரேட்டர்ல, இன்னொண்ணை ஏசி பாயிண்ட்ல சொருகிடுங்க சார், வீடு பூரா எரியும். முன்னாடி மெயினை மட்டும் ஆஃப் பண்ணிடணும்."

"மறந்துட்டா?"

"மறக்காதீங்க சார்."

மழை இரவில், டார்ச்சும் கையுமாக, மூட்டு வலியோடு அம்மா இதைச் செய்ய வேண்டும். மெயின் அணையாவிட்டால் நம் வீட்டு 230 வோல்ட் தெருக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 ஆக்கிவிடும். மேலே லைன்மேன் கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பார். ஒரு முனை கழன்று வந்தாலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளை முள்ளிலேயே கரண்ட்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் குடுக்கிறோம், இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் இல்லை." செத்தவன் வந்து கம்ப்ளைண்ட் பண்ணுவானா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

அப்பா பழைய வயர்மேனைக் கூப்பிட்டார். பீஸ் போனால் சைக்கிளில் வந்து போட்டுக்கொடுத்து, காபியும் குடித்துவிட்டுப் போவாரே, அவர்தான். வயரைப் பார்த்ததும் கட்டிங் பிளேயரை எடுத்து ஒரு பிளக்கை நறுக்கிக் கொல்லையில் வீசினார்.

"தம்பி, கஜா அப்ப கம்பத்து மேல நின்னவன் நான். எந்த வீட்டு ஜெனரேட்டர்லேர்ந்து திரும்பி வருமோன்னு பயந்துக்கிட்டேதான் கம்பியைத் தொட்டோம்."

அப்புறம் டவுனுக்குப் போய் டபுள் போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்கி வந்தார். கைப்பிடி மேலே போனால் ஈ.பி., கீழே வந்தால் ஜெனரேட்டர், நடுவில் ஒன்றுமில்லை. பேஸோடு நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும். ஈ.பி. கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சந்திக்க வழியே கிடையாது. கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி ஜி.ஐ. பைப்பை இறக்கி, அடுப்புக்கரியும் கல்லுப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி எர்த் போட்டார். ஜெனரேட்டரைத் திண்ணையிலேயே வைத்துவிடலாம் என்ற அப்பாவையும், புகை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் அடையும், ஆளையே கொல்லும் என்று அதட்டி அடக்கினார்.

ஹூஸ்டன் வீட்டில் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் சில வினாடிகளில் தானாக மாற்றிக்கொள்ளும், டாலரையும் ஆயிரக்கணக்கில் விழுங்கும். இங்கே அம்மா கையால் இழுக்கிறார். பாதுகாப்பில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சேஞ்ச் ஓவரைக் கடைக்காரர் ஜெனரேட்டரோடு சேர்த்தே விற்றிருக்கலாம். ஆனால் பில்லில் 'இன்ஸ்டலேஷன்' என்று தனியாக ஒரு தொகை போட்டு வாங்கியது இரண்டு பிளக் வயருக்காம். அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. முதல் ஆயில் மாற்றுவதற்கும் வயர்மேனிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.