சோயா உருண்டையா, குருணையா: அன்றாடச் சமையலுக்கு எது கைகொடுக்கும்?

அன்றாடச் சாப்பாட்டில் தாவர உணவின் பங்கைக் கூட்ட நினைப்பவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பொருள்களுள் ஒன்று, பலரும் மீல்மேக்கர் என்று கேட்டு வாங்கும் சோயா உருண்டை. ஊறவைக்க இரவே நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை, குளிர்சாதனப் பெட்டியில் இடம் கேட்பதில்லை, மாதக்கணக்கில் கெடுவதும் இல்லை. பெரிய உருண்டை, சிறிய உருண்டை, குருணை என்று கிடைக்கும் மூன்று வடிவங்களையும் வீட்டுச் சமையலில் நெடுநாளாகப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில், குருணையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பெரிய உருண்டையை, அதற்குரிய பக்குவத்தைச் செய்யப் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டுமே பரிந்துரைப்பேன்.

சோயா பயறிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும், கொழுப்பு நீங்கிய மாவுதான் இதன் மூலப்பொருள். அந்த மாவை ஈரப்படுத்தி, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எந்திரத்தின் குறுகிய துளை வழியாகத் தள்ளும்போது, வெளியே வந்த கணத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, மாவை உப்பவைத்து, எங்கும் நுண்துளைகளை உண்டாக்கிவிடுகிறது. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 1960களில் உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்த முறை இது. எண்ணெய் எடுத்த மிச்சம் என்றால் புண்ணாக்குதானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உறவுமுறை சரிதான், ஆனால் எண்ணெய் போனபின் புரதம் முழுவதும் அந்த மிச்சத்தில்தான் தங்குகிறது என்பதால், சுளிப்புக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

பொட்டலத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் புரத அளவைப் படிக்கும்போது சற்று நிதானம் வேண்டும். 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் என்பது உண்மையே. அதே எடையுள்ள உலர்ந்த பருப்பில் அதில் பாதியளவுதான் இருக்கும். ஆனால் இது காய்ந்த நிலைக்கான கணக்கு. வெந்து நீரை உறிஞ்சியபின் உருண்டையின் எடை இரண்டு மூன்று மடங்காகிவிடுவதால், தட்டில் விழும் 100 கிராமில் புரதம் 17 முதல் 25 கிராம் வரைதான். ஒருவருக்கு ஒரு வேளைக்குக் காய்ந்த உருண்டை 30 கிராம் போதும். அதிலிருந்து 15 கிராம் புரதம் கிடைக்கிறது, ஒரு வேளைக்கு அது குறைவில்லை. உடலால் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் சோயா புரதத்தில் இருப்பது கூடுதல் பலம். இரும்புச்சத்தும் கணிசமாக உண்டு, ஆனால் சோயாவிலுள்ள பைட்டேட் என்ற இயற்கைச் சேர்மம் அதை உடல் உறிஞ்சவிடாமல் ஓரளவு தடுப்பதால், அடுப்பிலிருந்து இறக்கியபின் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிவது சுவைக்காக மட்டுமல்ல. வைட்டமின் பி12 இதில் கிடையாது. பாலும் முட்டையும்கூடத் தவிர்ப்பவர்கள் அதற்கு வேறு வழி தேடியாக வேண்டும்.

இந்தப் பொருளைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவர்களில் பெரும்பாலோர் ஒதுக்கியது சரியாகப் பிழியப்படாத உருண்டையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெந்நீரில் நனைத்து அப்படியே குழம்பில் போட்டால், பச்சை வாசனை வீசும், கடிக்கும்போது உப்பில்லாத நீர் வாயில் பீய்ச்சும். உப்பிட்ட நீரைக் கொதிக்கவைத்து, உருண்டைகளை அதில் ஆறேழு நிமிடம் வேகவிட்டு, ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிறிய கெட்டியான புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. ஓரம் முதல் நடுவரை ஒரே நிறமாக, இழை இழையாகப் பிரிந்தால் பதம் சரி. பிறகு வடித்து, குளிர்ந்த நீரில் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மஞ்சள் கலந்த நுரை நீர் வெளியேறும். மீண்டும் புதிய நீரில் நனைத்துப் பிழிய, நுரை குறைந்து நீர் ஓரளவு தெளியும். அதுவரை பிழிவதை நிறுத்தக் கூடாது. வாசனையோடு, சிலருக்கு வயிற்று உப்புசத்தைக் கொடுக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகளில் ஒரு பகுதியும் இந்த நீரோடு போய்விடுகிறது என்பதால், சத்து வீணாகிறதே என்று அதைச் சமையலில் சேர்ப்பது தேவையற்ற சிக்கனம்.

நன்றாகப் பிழிந்த உருண்டையின் துளைகள் காலியாக இருக்கும். அந்த நிலையில் உப்பு, காரம், புளிப்பு மூன்றும் சற்றுத் தூக்கலாக உள்ள விழுதில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறிது எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, அதன்பின் குழம்பில் சேர்த்து மூடிவைத்தால், சுவை நடுவரை இறங்குகிறது. பெரிய உருண்டையை இரண்டாக நறுக்கிக்கொள்வது நல்லது. இத்தனையும் செய்தால் பலன் உண்டு. ஆனால் வேலை முடிந்து திரும்பிய மாலையில் இதை எத்தனை பேர் செய்வார்கள் என்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம்.

குருணைக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்து, வடிகட்டியில் கொட்டி ஒருமுறை அழுத்தினால் போதும். வெங்காயமும் தக்காளியும் வதங்கும்போது சேர்த்துவிட்டால், எந்தக் காய்கறியோடும் இணங்கிப்போகிறது. எல்லோரும் ஒரே நாளில் சைவத்துக்கு மாறப் போவதில்லை என்ற வீடுகளில் இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும்: கொத்துக்கறியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஊறிய குருணையைச் சேர்த்தால், சாப்பிடுபவர்கள் பெரும்பாலும் வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பாதிக்கு மேல் போனால் கவனிக்கிறார்கள், கேள்வியும் வருகிறது. சிறிய உருண்டையோ இரண்டுங்கெட்டான். பிழியும் வேலையும் மிச்சமாகவில்லை, கடித்து மெல்லும் நிறைவும் கிடைக்கவில்லை.

விற்பனையாளர்கள் மீது எனக்குச் சில குறைகள் உண்டு. நான் வாங்கிய ஒரு பொட்டலத்தின் அடியில் உடைந்த தூள் கைப்பிடியளவு கிடந்தது. வேகவைக்கும்போது அது குழைந்து, நீரைக் கஞ்சியாக்கிவிட்டது. வேறொன்றில் இலவசமாக வைத்திருந்த மசாலாப் பொடியில் உப்பைத் தவிர வேறு சுவை தெரியவில்லை. இயற்கையாகவே உப்பு மிகக் குறைந்த ஒரு பொருளோடு இப்படி ஒரு பொடியை இணைப்பது நல்லதைக் கெடுக்கும் வேலை. இறைச்சிக்கு நிகரான சுவை என்ற வாசகத்தையும் எடுத்துவிடலாம், ஏனென்றால் அந்த எதிர்பார்ப்போடு கடிப்பவர்கள் ஏமாறுவது உறுதி. இதயப் படம் போட்ட உறைகளையும் அளவோடு நம்பலாம்: நாளொன்றுக்கு 25 கிராம் சோயா புரதம், நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவோடு சேரும்போது, இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று அச்சிட 1999-இல் அனுமதித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே, சான்றுகள் ஒத்துப்போகவில்லை என்று கூறி, அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதற்கான முன்மொழிவை 2017-இல் வெளியிட்டது.

ஆண்களின் ஹார்மோன் குறையுமோ என்ற அச்சம் பரவலாக இருந்தாலும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2010-இலும் 2021-இலும் வெளியான பகுப்பாய்வுகள் டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. தைராய்டு சுரப்பு குறைந்து மாத்திரை எடுப்பவர்கள், மருந்து உடலில் சேர்வதை சோயா குறைக்கக்கூடும் என்பதால், எவ்வளவு நேர இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பருப்பு, பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. முழுப் பயறுகளின் சுவை வேறுபாடும் வண்ணமும் எந்திரத்தில் பிழிந்தெடுத்த மாவில் இல்லை. பயறு ஊறவைக்க மறந்த நாள்களுக்கும், கறியைக் குறைக்க விரும்பும் நாள்களுக்கும் இது பொருத்தமான கையிருப்பு. வாங்கும்போது, உட்பொருள் பட்டியலில் கொழுப்பு நீக்கிய சோயா மாவைத் தவிர வேறெதுவும் இல்லாத, சிறிய குருணைப் பொட்டலமாகப் பார்த்து எடுங்கள். பிரித்ததும் இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். திறந்துவைத்த குருணை, அலமாரியிலுள்ள மற்ற பொருள்களின் வாசனையை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.