பட்டத்தோடு பறப்பதா, பறந்துவிட்டுப் பட்டமா? அமெரிக்க விமானப் பயிற்சியின் போட்டி வழிகள்

ஒருவருக்கு 1,000 மணி நேரம் பறந்த அனுபவம் போதும். இன்னொருவருக்கு 1,500 வேண்டும். இருவரும் ஒரே விமான நிறுவனத்தின் ஒரே இருக்கைக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். முதலாமவர் அங்கீகாரம் பெற்ற நான்காண்டு விமானவியல் பட்டம் பெற்றவர் என்பது மட்டுமே வித்தியாசம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விமானப் பயிற்சித் துறைகள் இந்த 500 மணி நேரச் சலுகையைத்தான் பெரிதும் நம்பி நிற்கின்றன.

இந்தச் சலுகை ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407-ஆம் விமானம் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. 50 பேர் இறந்தார்கள். அதுவரை 250 மணி நேரமும் வணிக விமானி உரிமமும் இருந்தால் துணை விமானியாகச் சேர முடிந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2013 ஆகஸ்டு முதல் துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் கட்டாயமானது. இராணுவ விமானிகளுக்கு 750, நான்காண்டுப் பட்டதாரிகளுக்கு 1,000, ஈராண்டுப் பட்டதாரிகளுக்கு 1,250 என்று தளர்வும் தந்தார்கள். விழுந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள். ஆகவே இந்த எண்ணைப் பற்றிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. சட்டம் தந்த சலுகையைச் சட்டமே திரும்பப் பெறலாம் அல்லது எல்லோருக்கும் விரிக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் பல்கலைக்கழகத்தின் தனிச்சிறப்பு போய்விடும்.

வழிகளை ஒப்பிடக் கையேட்டில் அச்சிட்ட கட்டணங்கள் போதாது. என் அளவுகோல் வேறு: இடையில் ஏதாவது தவறிப்போனால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது? விமானப் பயிற்சியில் ஏதாவது ஒன்று தவறாமல் தவறிப்போகும்.

பல்கலைக்கழகம்

இது இன்று நேற்று வந்த வழியல்ல. பர்டூ பல்கலைக்கழகம் 1934-இலேயே சொந்த விமான நிலையம் வைத்திருந்தது. அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த முதல் பெண்ணான அமீலியா இயர்ஹார்ட் அங்கே பணியாற்றினார். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் துறையை 1968-இல் ஜான் ஓடகார்ட் இரண்டே விமானங்களுடன் தொடங்கினார். இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் நிற்கின்றன.

அங்கே படிக்கும் மாணவரின் காலை நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். இருள் பிரியாத நேரத்தில் இறக்கையின் அடியில் குனிந்து, சிறு கண்ணாடிக் குவளையில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். நீலமாக இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் முத்து தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். முடித்துவிட்டு வானிலை வகுப்புக்கு ஓடுவார். அந்த வகுப்பில் பனி உறைதலைப் பற்றிக் கேட்பதை மறுநாளே வானத்தில் நேரில் பார்ப்பார். பாடமும் பறத்தலும் இப்படிப் பின்னிப் போவதுதான் பல்கலைக்கழகத்தின் உண்மையான பலம். பட்டக் காகிதம் அதற்கு அடுத்ததுதான் என்பேன்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பலமும் உண்டு. உரிமத் தேர்வு நடத்த அரசு நியமித்த தேர்வாளர்கள் போதாமல், பல இடங்களில் மாணவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நாளெல்லாம் கை பழக்கம் விட்டுப்போகும்; மறுபடி காசு கொடுத்துப் பறந்து தேற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிமுறையின் 141-ஆம் பிரிவில் இயங்கும் பள்ளிகளில் சிலவற்றுக்குத் தங்கள் மாணவர்களுக்குத் தாங்களே உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரம் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் சில அதைப் பெற்றிருக்கின்றன. பட்டத்தைவிட இது பெரிய சேமிப்பு.

பணம்தான் இப்போது கழுத்தை நெரிக்கிறது. கல்விக் கட்டணம் தனி, பறப்புக் கட்டணம் தனி. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் தன் பெயரில் மத்திய அரசிடம் வாங்கக்கூடிய கடன், முழுப் படிப்புக்கும் சேர்த்து 31,000 டாலர்தான். மீதியைப் பெற்றோர் பெயரிலான கடனால் நிரப்புவது வழக்கமாக இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதற்கும் உச்சவரம்பு வைத்துவிட்டது: 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர். வரலாறு படிப்பவரைவிடப் பறக்கப் படிப்பவரை இது கடுமையாகத் தாக்கும். மிஞ்சியதற்குத் தனியார் வங்கி, அதற்கு ஒரு பிணையாளர், கூடுதல் வட்டி. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கதவு இங்கேதான் மூடுகிறது. பல்கலைக்கழகத் துறைகளின் எதிர்காலத்தைப் பற்றி எனக்குள்ள பெருங்கவலையும் இதுதான்.

தனிப் பயிற்சிப் பள்ளி

பட்டம் இல்லை, வரலாற்றுப் பாடம் இல்லை, நேரே பறக்கலாம். முழுநேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஓராண்டில் வணிக உரிமமும் பயிற்றுநர் உரிமமும் கையில் வந்துவிடும். ஆனால் 1,500 மணி நேரம் வேண்டும்; பெரும்பாலோர் அதைப் பயிற்றுநராகப் பறந்தே சேர்க்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 மணி நேரத்துடன் பயிற்றுநராகிறவர் மாதம் 70 மணி நேரம் பறந்தால், 1,000-ஐத் தொட ஏறக்குறைய 11 மாதம், 1,500-ஐத் தொட 18 மாதம். ஆக, பல்கலைக்கழகம் தரும் சலுகையின் மதிப்பு ஏழு மாதம். அதற்காக நான்கு ஆண்டு படிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே பயிற்றுநராகிவிடும் மாணவர்கள் இடைவெளியைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் பள்ளி மாணவர் முந்திவிடவே வாய்ப்பு அதிகம். விமான நிறுவனங்களில் சேர்ந்த நாள்தான் சம்பளம், ஊர், விமான வகை, விடுமுறை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2022 ஜனவரியில் டெல்டா நிறுவனம் நான்காண்டுப் பட்டம் கட்டாயம் என்ற நிபந்தனையைக் கைவிட்ட பிறகு, பல்கலைக்கழகங்களின் பழைய வாதம் மேலும் தளர்ந்துவிட்டது.

அப்படியானால் பள்ளிதானே மேல்? என் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சிப் பள்ளி ஒரே நாளில் மூடப்பட்டது. கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த மாணவர்களிடம் உரிமமும் இல்லை, பணமும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சியது. பல்கலைக்கழகம் இப்படி ஓர் இரவில் காணாமல் போவது அரிது. அது தன் விமானத் துறையை மூட முடிவு செய்தாலும், சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஏதாவது ஒரு வழியைக் காட்டியாக வேண்டும். பள்ளியில் சேர்வதாக இருந்தால் மொத்தப் பணத்தை முன்கூட்டிக் கட்டவே கட்டாதீர்கள். தள்ளுபடி தருகிறோம் என்றாலும் வேண்டாம்.

விமான நிறுவனமே நடத்தும் பள்ளி

யுனைடெட் நிறுவனம் அரிசோனாவில் குட்இயர் நகரில் 2022-இல் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. முடித்தால் அந்த நிறுவனத்துக்கே போகும் பாதை தெரிகிறது. மற்ற வழிகளில் கிடைக்காத நிம்மதி அது. ஆனால் அந்தப் பாதை நிறுவனத்தின் தேவையைப் பொறுத்தது. 2006-இல் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த, ஒன்றுக்கு மேற்பட்ட விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானங்களில் துணை விமானியாவதற்கான உரிமம் இன்னும் ஒரு படி மேலே போனது: 240 மணி நேரம், அதிலும் பெரும்பகுதி சிமுலேட்டரில். பல நாடுகளில் நிறுவனங்கள் அதைக் கையாள்கின்றன. அமெரிக்காவில் அந்த உரிமம் இல்லை. 2020-இல் கொரோனாவால் விமானங்கள் தரையிறங்கியபோது, ஒரே நிறுவனத்துக்கென்று வார்க்கப்பட்ட பயிற்சி மாணவர்கள் பலர் ஐரோப்பாவில் நடுவழியில் நின்றார்கள். சந்தை நன்றாக இருக்கும்போது இதைவிடச் சிறந்த வழி இல்லை, சரியும்போது இதைவிடக் குறுகிய வழியும் இல்லை.

உள்ளூர்ப் பறப்புச் சங்கத்தில் கையில் காசு சேரும்போதெல்லாம் பறந்து கற்பது நான்காவது வழி. மெதுவானது, கடனற்றது. 1922-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நெப்ராஸ்காவுக்குப் பறக்கக் கற்கப் போன இளைஞர்தான், பின்னாளில் அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க். சுயக் கட்டுப்பாடு உள்ளவருக்கு இன்றும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

விமானங்களும் பயிற்றுநர்களும்

நேற்றைய மாணவர்தான் இன்றைய பயிற்றுநர். விமான நிறுவனங்கள் வேகமாக ஆளெடுக்கும்போது பயிற்றுநர்கள் பறந்துவிடுகிறார்கள். மாணவர் ஓராண்டில் மூன்று ஆசிரியர்களைப் பார்க்க நேர்கிறது. ஆளெடுப்பு நின்றுவிட்டால் பயிற்றுநர் இடங்கள் காலியாவதில்லை. பட்டம் முடித்தவர்கள் மணிநேரம் சேர்க்க வழியின்றித் தவிக்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கம் எந்தப் பாடத்திட்டத்துக்கும் கட்டுப்படாது.

விமானங்களின் கதை வேறு. 2018 ஏப்ரல் 4 அன்று டேடோனா பீச்சில், எம்ப்ரி-ரிடில் பல்கலைக்கழகத்தின் பைப்பர் விமானம் மேலெழும்போது இடது இறக்கை கழன்று விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் முதன்மை விட்டத்தில், ஓர் ஆணித் துளையின் ஓரத்தில், வெளியே தெரியாத உலோகச் சோர்வு விரிசல். பயிற்சி விமானம் ஒரே நாளில் எத்தனை முறை இறங்கி ஏறுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த ஆணித் துளை பட்ட பாடு விளங்கும். அதன்பின் அந்த வகை விமானங்களுக்குச் சிறப்புச் சோதனை கட்டாயமாயிற்று.

எரிபொருள் அடுத்த சிக்கல். ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட வேண்டும் என்று 2023 ஜூனில் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் ஈயமற்ற எரிபொருளுக்கு மாறியது. சில மாதங்களில் எஞ்சின்களின் வெளியேற்று வால்வு பொருந்தும் வளையம் அளவுக்கு மீறித் தேய்வதைப் பராமரிப்புப் பிரிவு கண்டுபிடித்தது. அக்டோபரில் பழைய எரிபொருளுக்கே திரும்பினார்கள். அந்தத் தேய்மானத்தைக் கண்டுபிடித்தது அவர்களிடம் சொந்தப் பணிமனையும் அளந்து பார்க்கும் பழக்கமும் இருந்ததால்தான்.

என் முடிவு இது. கடன் சுமை தாங்கக்கூடியதாக இருந்தால், பெரிய, சொந்த விமானங்களும் சொந்தப் பணிமனையும் தேர்வு நடத்தும் அதிகாரமும் உள்ள பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பேன். பறத்தலுடன் வானிலை அல்லது பொறியியல் போல இன்னொரு துறையையும் சேர்த்தே படிக்கச் சொல்வேன், ஏனெனில் பறக்க உடல்தகுதி உண்டு என்று காட்டும் மருத்துவச் சான்று பறிபோனால் அதுதான் சோறு போடும். கடன் தாங்காது என்றால் தவணையில் பணம் வாங்கும் நல்ல தனிப் பள்ளிக்குப் போகச் சொல்வேன். பட்டத்தைப் பிறகு அஞ்சல் வழியிலும் படிக்கலாம். பட்டம் மட்டும் தன்னுடையது, விமானங்களும் பயிற்றுநர்களும் ஒப்பந்தக்காரருடையவை என்ற நிலையில் நடக்கும் சிறிய துறைகளில் சேர வேண்டாம். நெருக்கடி வந்தால் முதலில் மூடப்படுவது அவையாகத்தான் இருக்கும்.

எந்த வழியானாலும் முதல் தவணை கட்டுமுன் முதல்நிலை மருத்துவச் சான்றை வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு வேலைநாளில் விமானங்களை நிறுத்தும் கொட்டகையான ஹாங்கருக்கு நேரில் போங்கள். எத்தனை விமானங்கள் பறக்கின்றன, எத்தனை உதிரிபாகத்துக்காகக் காத்து நிற்கின்றன என்று எண்ணுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரைத் தனியே அழைத்து, இதுவரை எத்தனை பயிற்றுநர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள்.