பிச்சைமூப்பன்வலசை கண்ணாடிப் படகு: ஊரே காவல் நிற்கும் பவளப்பாறை

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பிச்சைமூப்பன்வலசையைத்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவக் கிராமம். வனத்துறையும் ஊர்மக்களும் கைகோத்து இங்கே கண்ணாடி அடித்தளம் கொண்ட படகை ஓட்டுகிறார்கள். டிக்கெட் எடுத்தவுடன் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பட்டை இறுகியிருக்கிறதா என்று படகோட்டியே இழுத்துப் பார்த்தார். இந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

கரையை விட்டதும் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணாடியில் மணலும் கடல்புல்லும்தான் தெரியும். பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் நேரம் அது. அந்தப் புல்லை மேய்ந்துதான் ஆவுளியா என்னும் கடல்பசு உயிர்வாழ்கிறது என்று சொன்னால் குனிந்து பார்ப்பார்கள். எங்களுக்கு ஆவுளியா தென்படவில்லை. அதை எதிர்பார்த்துப் போகவும் கூடாது.

பாறைப் பகுதி நெருங்கியதும் படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டு நீண்ட கம்பை எடுத்து ஊன்றினார். ஊன்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் பார்த்து, மணல் தெரியும் இடத்தில்தான் கம்பை இறக்கினார். அதை நான் வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். வேறொரு கரையில் ஒரு தனியார் படகில் போனபோது நங்கூரத்தைப் பாறை மேலேயே தூக்கிப் போட்டார்கள். அது இழுபட்டுக் கிளைகள் முறிந்ததைக் கண்ணால் பார்த்தேன். முறிந்த துண்டை எடுத்துக் குழந்தைகள் கையில் கொடுத்து விளையாட வேறு சொன்னார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மான்கொம்புபோல் கிளைவிடும் பவளம்கூட ஆண்டுக்குச் சில அங்குலம்தான் வளரும். உருண்டைப் பாறைகளின் வளர்ச்சியோ ஆண்டுக்கு ஒரு விரற்கடைகூட இராது.

நகைக்கடைப் பவளத்தைப்போலச் சிவந்திருக்கும் என்று நினைத்துப் படகு ஏறாதீர்கள். இங்கே உயிருள்ள பாறை பழுப்பாகவும் பச்சை கலந்த மஞ்சளாகவும்தான் இருக்கும். பவள உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி தரும் நிறம் அது. எங்களுடன் வந்த ஒருவர் வெண்மையான ஒரு பாறையைக் காட்டி, "இதுதான் அழகு!" என்றார். "ஐயா, வெளுத்துப் போனால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். பழுப்பாக இருக்கிறதே, அதுதான் நல்ல பாறை" என்றார் படகோட்டி. கடல் அளவுக்கு மீறிச் சூடேறும்போது உணவு தரும் அந்தப் பாசி வெளியேறிவிட, பாறை வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாப் பாறைகள் இப்படி வெளுத்தன. அவற்றை நேரில் பார்த்தவர் வாயால் கேட்கும்போது அதன் கனம் வேறு.

கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு கிளிமீன் வந்து நின்றது. அலகு போன்ற வாயால் பாறையை ஒரு சுரண்டு, பின் கொஞ்சம் விலகல், மறுபடி ஒரு சுரண்டு. சுரண்டிய இடத்தில் வெள்ளைக் கீறல் விழுந்தது. பாறையை மூடும் பாசியை அது தின்று தீர்ப்பதால்தான் பவளத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. கிளிமீன் போனால் பாறையும் போகும் என்பதை அங்கே ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம்.

எனக்குக் கீழக்கரை பூர்வீகம். எங்கள் பாட்டி வீட்டுப் பழைய மதிலில் காரை உதிர்ந்த இடங்களில் பவளக்கல் தெரியும், தேன்கூடு மாதிரித் துளைத்துளையாக. அந்தக் காலத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் கடலிலிருந்து வண்டி வண்டியாகக் கல் எடுத்தார்கள். அப்படி எடுத்ததன் விலை பெரிது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. அதில் பூவரசன்பட்டி எங்கள் கீழக்கரைப் பக்கத்துத் தீவு. 1986-லேயே இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். ஆனால் இத்தனை நீளக் கடலில் ரோந்துப் படகு எந்நேரமும் எல்லா இடத்திலும் இருக்க முடியுமா? விடியற்காலையில் வலை இழுக்கப் போகிறவர் கண்ணுக்குத்தான் எல்லாம் படும். பாறை நன்றாக இருந்தால் மீனும் உண்டு, படகுக்கு ஆளும் வரும் என்ற நிலை அவருக்கு இருந்தால், அவரைவிடப் பெரிய காவல் வேறில்லை. இந்தச் சேவைக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பதற்கு அதுவே காரணம்.

தீவில் இறக்கிவிடுவார்களா என்று கேட்காதீர்கள். தேசியப் பூங்காத் தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நிற்கலாம். செல்வதானால் காலையிலேயே செல்லுங்கள். தென்மேற்குக் காற்று ஓங்கும் மாதங்களில் தென்கடல், அதாவது இந்த மன்னார் வளைகுடா, கலங்கிவிடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. வெயிலுக்கு உடம்பெல்லாம் கிரீம் பூசிக்கொண்டு நீரில் இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது மேல். சில கிரீம்களில் உள்ள ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது.

எனக்கு ஓர் ஆசை உண்டு. இந்தக் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தீவோரங்களில் மூழ்கி எழுந்தவர்கள். எந்தப் பாறை எங்கே இருக்கிறது, எப்போது நன்றாக இருந்தது, எப்போது தேய்ந்தது என்பது அவர்களுக்கு மனப்பாடம். வடகடல் என்னும் பாக் விரிகுடாப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுச் சுற்றுலாவுக்கு வருபவர்களுக்குப் பெண்கள் கடல் உணவு சமைத்துத் தருகிறார்கள். இங்கே பாசி எடுக்கும் பெண்கள் சமையலோடு நின்றுவிடாமல் படகிலும் ஏறி, வழிகாட்டியாக உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். அப்படி ஒரு படகு புறப்பட்டால் முதல் டிக்கெட் என்னுடையது.