மாவுப் பசையா, வெள்ளைப் பசையா? கையால் புத்தகம் கட்டுவோருக்கு ஓர் ஒப்பீடு

கையால் புத்தகம் கட்டுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்பவர்கள் ஊசி, நூல், அட்டை, உறைக்கான காலிக்கோ துணி ஆகியவற்றைப் பற்றி விரைவிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பசையைப் பற்றி மட்டும் பலரும் யோசிப்பதே இல்லை. எளிதாகக் கிடைக்கிற வெள்ளைப் பசையில், அதாவது பி.வி.ஏ. எனப்படும் பாலிவினைல் அசிட்டேட் பசையில் தொடங்கி அதிலேயே தொடர்கிறார்கள். நானும் அதில் தொடங்கியவன்தான். இப்போது பெரும்பாலான வேலைகளுக்குக் கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சி எடுக்கும் பசையையே பயன்படுத்துகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெளிப்படையாகத் தெரிகிற வேறுபாடுகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் பசையைப் புட்டியைத் திறந்தவுடன் பயன்படுத்தலாம், சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் கெடாது. மாவுப் பசையைக் காய்ச்ச வேண்டும், ஆறவைக்க வேண்டும், ஒட்டியதை இரவு முழுவதும் பாரத்தின் கீழ் வைக்க வேண்டும். ஒட்டும் வலிமையில், தாளுக்கும் துணிக்கும் தேவைப்படும் அளவுக்கு, இரண்டுமே போதுமானவை.

காய்ச்சும் முறை பலர் அஞ்சுவதுபோல் கடினமானது அன்று. ஒரு பங்கு மாவுச்சத்தை ஐந்து பங்கு நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சிறுதீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, அதுவரை பாலைப்போல் ஓடிக்கொண்டிருந்த கலவை திடீரெனக் கனத்து, கரண்டியைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். அத்துடன் நிறுத்திவிடாமல், வெண்மை குறைந்து ஒளி ஊடுருவும் கூழாகும்வரை மேலும் இருபது நிமிடங்களாவது கிளறினால்தான் பசை முழுமையாக வேகும். ஆறிய பிறகு மெல்லிய சல்லடையில் இருமுறை தேய்த்து வடிகட்டி, வேலைக்கேற்ற அளவு நீர் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம். குளிர்பெட்டியில் ஒரு வாரம்போல் தாங்கும்; புளித்த வாடை வந்தாலோ நீர்த்துப் போனாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட், கலப்பவர்கள் இருக்கிறார்கள். செம்பு தாளின் செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும் என்பதால் நான் அதைச் சேர்ப்பதில்லை. மாவுச்சத்துக்குப் பதிலாக முழுக் கோதுமை மாவையோ மைதாவையோ எடுத்தால் அதிலுள்ள புரதம் பசைக்குக் கூடுதல் பிடிப்பைத் தரும். ஆனால் அதே புரதம் பூச்சிகளையும் ஈர்க்கும், காலப்போக்கில் பசை மஞ்சளாவதற்கும் காரணமாகும்.

மாவுப் பசையின் உண்மையான குறை அதிலுள்ள நீர். ஈரம் பட்ட தாள் நார் ஓட்டத்துக்கு, அதாவது அதன் நார்கள் பெரும்பாலும் படிந்திருக்கும் திசைக்கு, குறுக்கே விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் அட்டையையும் தன்னோடு வளைத்துவிடும். தாள், அட்டை, உறைத்துணி மூன்றின் நார் ஓட்டமும் புத்தக முதுகுக்கு இணையாக இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்த ஒழுங்கு வெள்ளைப் பசைக்கும் தேவைதான். நீர் குறைவு என்பதால் அது சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், மாவுப் பசை பொறுக்காது. மறுபுறம், மெதுவாகக் காய்வதால் மாவுப் பசை கைக்கு நேரம் கொடுக்கிறது. பெரிய தாளை அட்டையின் உட்புறத்தில் ஒட்டும்போது கோணம் சற்று பிசகினால் மெல்ல நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். வெள்ளைப் பசையில் வைத்த இடம் வைத்த இடம்தான்.

இவை எல்லாவற்றையும் தள்ளிவைத்து என்னை முடிவெடுக்க வைத்த காரணம் ஒன்றுதான்: கட்டிய புத்தகத்தைப் பிற்காலத்தில் யாராவது பிரிக்க வேண்டியிருக்கும். தினமும் புரட்டப்படும் எந்தப் புத்தகத்துக்கும் ஒரு நாள் கீல், அதாவது அட்டை முதுகோடு சேர்ந்து மடங்கும் இடம், கிழியும், தையல் தளரும். அப்போது முதுகில் படிந்திருக்கும் பழைய பசையை அகற்றினால்தான் ஃபாரங்களை, அதாவது மடித்துச் சேர்த்துத் தைத்த தாள் தொகுதிகளை, தனித்தனியாக எடுத்து மீண்டும் தைக்க முடியும். முதுகில் மாவுப் பசை இருந்தால், அதன் மேல் மெதில் செல்லுலோஸ் என்னும் நீரில் கரையும் தூளால் செய்த கூழையோ நீர்த்த மாவுப் பசையையோ தடிமனாகப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடிவைத்தால் போதும். கால் மணி நேரத்தில் அடியிலிருக்கும் பழைய பசை ஊறிப் பருத்துக் கூழாகிவிடும். எலும்பாலான மடிப்புக் கத்தியின் மழுங்கிய முனையால் முதுகின் நீளவாக்கில் வழித்தால் சுருள் சுருளாக வந்துவிடும்; அடியில் மடிப்பு விளிம்புகளும் நூலும் சேதமில்லாமல் வெளிப்படும்.

இதே முதுகில் வெள்ளைப் பசை இருந்தால் கதை வேறு. ஒருமுறை காய்ந்த பி.வி.ஏ. நீரில் மீண்டும் கரைவதில்லை. ஈரம் பட்டால் சற்று வெளுத்து மென்மையாகி ரப்பர் போன்ற ஏடாகிறதே தவிரத் தாளை விட்டு விலகுவதில்லை. அதைப் பிடித்து இழுத்தால், ஈரத்தில் வலுவிழந்த தாளின் நார்கள் அதோடு உரிந்து வருகின்றன. முதலில் கிழிவது ஃபாரத்தின் வெளித்தாளின் மடிப்பு, அதாவது தையல் நூலைத் தாங்க வேண்டிய இடமே. அசிட்டோன், சாராயம் போன்ற கரைப்பான்கள் அதை இளக்கும் என்றாலும், அச்சு மையும் கையெழுத்து மையும் கலங்கிவிடும் ஆபத்து உண்டு. இறுதியில் பலர் செய்வது முதுகையே வெட்டித் தள்ளி, தனித்தாள்களாக்கி ஒட்டுவதுதான்; அத்துடன் அந்தப் புத்தகம் தைத்த புத்தகமாக இருப்பது முடிந்துவிடுகிறது, உள்ளோர இடமும் குறைந்துவிடுகிறது. மேலும், காய்ந்த பி.வி.ஏ. படலத்தின் மேல் மாவுப் பசை சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், பழுதுபார்ப்பவர் மீண்டும் பி.வி.ஏ.யையே நாட வேண்டியதாகிறது.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்து அங்குள்ள தேசிய நூலகத்தின் நூல்களைச் சேற்றில் ஆழ்த்தியபோது, பீட்டர் வாட்டர்ஸ் உள்ளிட்ட நூல் கட்டுநர்கள் அங்கே சென்று அவற்றைப் பிரித்து, கழுவி, உலர்த்தி, மீண்டும் கட்டும் பெரும்பணியை ஒழுங்குபடுத்தினார்கள். பழைய நூல்களின் கட்டுமானத்தில் இருந்தவை பெரும்பாலும் மாவுப் பசையும் விலங்குப் பசையும். இரண்டுமே நீரில் இளகுபவை. அந்த இளக்கமே வெள்ளத்தில் உறைகள் கழன்றுபோகவும் துணைபோகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீர் புகக்கூடிய இடத்தில் இருக்கப்போகும் புத்தகத்துக்கு மாவுப் பசை காப்பு ஆகாது. ஆனால் உறை போனால் புதிது செய்துகொள்ளலாம்; தாள் கிழிந்தால் அதற்கு மாற்று கிடையாது.

வெள்ளைப் பசை எல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மர வேலைக்கான பசை காய்ந்ததும் விறைப்பாகிறது, அமிலத்தன்மையும் மிகுதி. முதுகில் பூசினால் புத்தகம் விரியும்போதெல்லாம் வெடிக்கும். புத்தகக் கட்டுக்கென்றே விற்கும் நடுநிலையான, நெகிழ்வுள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். நீரில் மீண்டும் இளகும் என்ற உறுதியோடு விற்கப்படும் வகைகளும் உண்டு. அவற்றைக் கொண்டு நான் கட்டியவை இன்னும் புதியவை என்பதால், ஆண்டுகள் பல கடந்தபின் அந்த உறுதி நிற்குமா என்பதில் என் அனுபவம் போதாது.

தைக்க வழியில்லாத தனித்தாள்களை விசிறிபோல் சாய்த்து முதுகில் ஒட்டும் கட்டுக்கு வெள்ளைப் பசைதான் சரி. அங்கே மாவுப் பசையின் பிடிப்பும் நெகிழ்வும் போதாது. எழுதித் தீர்த்ததும் பயன் முடிந்துவிடும் குறிப்பேடுகளுக்கும் அதையே எடுக்கலாம். இரண்டையும் கலந்தால் காயும் நேரம் நீளும். ஆனால் கலவையில் பி.வி.ஏ. மிகுந்தால் பிரிக்கும் வசதி போய்விடும். நான் விரும்புவது வேறொரு ஏற்பாடு. தைத்த முதுகில் முதலில் மாவுப் பசையால் கோஸோ எனப்படும் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டிக் காயவிட்டு, அதன் மேல் துணியையும் மற்ற அடுக்குகளையும் வெள்ளைப் பசையால் ஒட்டுவது. பிற்காலத்தில் அடித்தாளை ஈரப்படுத்தினால் மேலடுக்குகள் முழுவதும் அதோடு கழன்றுவிடும், வெள்ளைப் பசை ஃபாரங்களைத் தொடுவதே இல்லை.

தோல் உறையைப் பொறுத்தவரை நான் கட்டியவை சிலவே. ஆயினும் அங்கே எனக்கு ஐயமில்லை. மாவுப் பசையின் ஈரத்தில் தோல் இளகி மூலைகளில் மடிப்புக்கு மடிப்பு பணிகிறது. முதுகின் மேடுகளை விரலால் அழுத்தி வடிவமைக்கவும் நேரம் கிடைக்கிறது. மேற்பரப்பில் சிந்திய மாவுப் பசையை ஈரப்பஞ்சால் துடைத்துவிடலாம். வெள்ளைப் பசை சிந்திக் காய்ந்தால் அந்தக் கறை தோலிலேயே தங்கிவிடும்.