டேலி வாட்டர்ஸ் பப்பில் விட்டுவந்த செல்லாத நோட்டு

எங்கள் வீட்டில் துணி காயப்போடுவதற்கு ஓர் இலக்கணம் இருந்தது. பெண்களின் உள்ளாடைகள் கொடியின் உள்பக்கம். அவற்றின் மேல் ஒரு துண்டோ அப்பாவின் பழைய வேட்டியோ. வெயில் படாமல் துணி எப்படிக் காயும் என்ற கேள்விக்கு அம்மா பதில் சொன்னதே இல்லை. அப்படி வளர்ந்தவளை, நூற்றுக்கணக்கான பிராக்கள் தலைக்கு மேல் தோரணம் கட்டியிருக்கும் கூடத்தில் நிறுத்தி, "என்ன குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால்? கூச்சத்தில் தரையைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் என் கல்லூரித் தோழி ஏற்கெனவே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இடம், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் டேலி வாட்டர்ஸ் பப். டார்வினிலிருந்து தெற்கே சுமார் 600 கிலோமீட்டர். ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் டார்வினிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை காரில் கிளம்பினோம்: நான், தோழி, அவள் கணவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையாகிவிட்ட யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். வண்டி ஓட்டியது பெரும்பாலும் அண்ணாதான். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 130 வரை போகலாம். அண்ணா 105-ஐத் தாண்டவில்லை. ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் "முருகா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். அவை கடந்துபோகும்போது அடிக்கும் காற்றில் கார் ஒரு குலுங்கு குலுங்கும். அவர் முருகனைக் கூப்பிட்டதில் தவறில்லை.

மாட்டரங்காவில் பிட்டர் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றில் ஒரு மணி நேரம் மிதந்தோம். 34 டிகிரி வெதுவெதுப்பில், பனைகளுக்கு நடுவே, அடியில் கிடக்கும் வேர்கள் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். அந்தச் சுகத்தைக் கெடுப்பதற்கென்றே அடுத்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் 'மீட் பை', அதாவது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டது, வாங்கினோம். மேலே கருகி, உள்ளே பனிக்கட்டியாக இருந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. பசி மட்டும் டேலி வாட்டர்ஸ் வரை கூடவே வந்தது.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இருட்டியபின் கங்காருவும் மாடுகளும் சாலைக்கு வந்துவிடும் என்பதால், எங்கள் வாடகைக் கார் ஒப்பந்தத்திலேயே நகரத்துக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று எழுதியிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் தகரக்கூரை, முகப்பில் காகிதப்பூக் கொடி, எதிரே ஒரு போக்குவரத்து விளக்கு. குறுக்குச் சாலை கிடையாது, நெரிசலும் கிடையாது. விளக்கு மட்டும் சிவப்பாக எரிகிறது. சாலைக்கு அந்தப் பக்கக் கடையின் கூரைமேல் ஒரு ஹெலிகாப்டர் உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் ஏன் கூடாது என்று திருப்பிக் கேட்கும் ஊர் அது.

'தீம்' உணவகங்கள் எனக்குப் புதிதல்ல. சென்னையிலும் பெங்களூரிலும் சிறைச்சாலை போலவும் ரயில் பெட்டி போலவும் செய்துவைத்த இடங்களில் சாப்பிட்டிருக்கிறேன். கம்பியில் துரு கூட பெயிண்டாக இருக்கும். இங்கே அப்படி யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. வந்தவர்கள் விட்டுப்போனதெல்லாம் சுவராகிவிட்டது: வண்டி எண் தகடுகள், தொப்பிகள், அடையாள அட்டைகள், காவல்துறை, தீயணைப்புத் துறைச் சின்னங்கள், பல நாட்டுப் பணம், ஒற்றைச் செருப்புகள். பிராக்களின் கதையாக அங்கே சொல்லப்படுவது, சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பயணிகளிடம் கட்டிய பந்தயம். மாடு ஓட்டுபவர்கள் அடுத்த முறை கையில் காசில்லாமல் வந்தாலும் ஒரு குவளை கிடைக்கட்டும் என்று பெயர் எழுதிய நோட்டைச் சுவரில் குத்திவிட்டுப் போவார்களாம். பணம் தொங்கும் வழக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம் அது. கதைகளுக்கு நான் பொறுப்பில்லை. சுவரைப் பார்த்தபின் சந்தேகப்படவும் மனம் வரவில்லை.

மதுக்கடை என்றால் கம்பிவலைக்குள் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நடக்கும் இடம் என்றே என் மனதில் பதிந்திருந்தது. இங்கே ஒரு பாட்டி, மடியில் நாய்க்குட்டியோடு, குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டே பியர் குடித்தார். நான் லெமன் லைம் பிட்டர்ஸ் வாங்கினேன். மது குடிக்காதவர்கள் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க இந்த நாடு கண்டுபிடித்த நல்ல பானம் அது. இளஞ்சிவப்பாக, லேசான கசப்போடு இருக்கும். ஆண்கள் இருவருக்கும் 425 மில்லி ஸ்கூனர் குவளையில் பியர். கூடார இடம் பப்பின் பின்புறமே இருந்ததால் அன்று அண்ணாவும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இங்கே சாப்பிட வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கேட்பது 'பீஃப் அண்ட் பாரா' என்ற இரவு விருந்து. நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, பாராமுண்டி மீன் ஒன்று, கூட சாலட். நாங்கள் முன்பதிவு செய்திருந்தோம். ஜூலையில் போகிறவர்கள் அப்படியே செய்யுங்கள். தோழியின் கணவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், அவர் பங்கு என் தட்டுக்கு வந்தது. உப்பும் புகையும் தவிர வேறெதுவும் அறியாத இறைச்சி. ஓரத்துக் கொழுப்பு மொறுமொறுவென்று, நடுவில் சாறோடு. மசாலா இல்லையே என்று நான் தேடவில்லை.

ஆனால் அன்றைய இரவு மீனுடையது. முதல் வாயிலேயே அண்ணா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இது எங்கட கொடுவா" என்றார். உண்மைதான். வட ஆஸ்திரேலியா பாராமுண்டி என்று கொண்டாடுவதும் நம் கடற்கரைக் கொடுவாவும் ஒரே மீன். பதினைந்து ஆண்டுகளாக இந்நாட்டில் பாரா சாப்பிட்டுவந்த மனிதருக்கு, பாலைவன ஓரத்தில், கடல் வாடையே இல்லாத ஊரில்தான் அது பிடிபட்டது. தோல் கருகாமல் வாட்டியிருந்தார்கள். சதை இதழிதழாகப் பிரிந்தது. தோழி பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்தாள். நீண்ட மேசையில் எங்களோடு அமர்ந்திருந்த, ஓய்வுபெற்றபின் கேரவனில் எட்டு மாதமாக ஊர் சுற்றும் தம்பதி ஆளுக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கினார்கள். மனைவி இரண்டாவது துண்டு கேட்டார். கணவர் தண்ணீர் கேட்டார்.

அந்தக் கணவர் தபால் தந்தித் துறையில் வேலை பார்த்தவராம். இந்த ஊர் பிழைத்ததே தந்தியால் என்று ஆரம்பித்தார். 1862-ல் இந்தப் பக்கம் வந்த நிலஆய்வுப் பயணி ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட், தென் ஆஸ்திரேலிய ஆளுநர் டேலியின் பெயரை இங்கிருந்த நீர்நிலைக்கு வைத்தார். இப்பகுதியின் பூர்வகுடிகளான ஜிங்கிலி மக்களுக்கு அது அதற்கும் வெகு முன்பே தெரிந்த தண்ணீர். பத்தாண்டு கழித்து, 1872-ல், கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கும் தந்திக்கம்பி முடிந்தது. முடிவதற்கு முன் விட்டுப்போயிருந்த இடைவெளியில் ஆட்கள் குதிரையில் செய்தியைச் சுமந்தார்கள். சேதி போன வழி, டார்வினிலிருந்து கடலடியில் ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு, அங்கிருந்து மெட்ராஸ், பிறகு லண்டன். "மெட்ராஸா?" என்று நான் கேட்ட கேள்வியில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். இந்தக் கூரைக்கு அருகே ஓடிய கம்பியில் போன சேதி எங்கள் கடற்கரையில் கரையேறியிருக்கிறது! பின்னால் 1930-களில் சிங்கப்பூர் நோக்கிப் போன குவாண்டாஸ் விமானங்களும் எரிபொருளுக்கு இங்கே இறங்கின என்றார். எனக்கு அதற்குள் மனம் மெரினாவுக்குப் போய்விட்டது.

தோழியின் கணவர் பர்ஸில் ஒரு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு, 2016 நவம்பரில் செல்லாமல் போனது, இன்னும் இருந்தது. வங்கியில் மாற்ற மறந்து ஒரு சட்டைப்பையில் கிடந்ததாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் குத்துவாள். பாரில் நின்ற ஐரிஷ் இளைஞனிடம் கேட்டோம், ஸ்டேப்ளர் கொடுத்தான். "எவ்வளவு பெறும்?" என்றான். "ஒன்றும் பெறாது" என்றோம். "அப்படியென்றால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது" என்று நாற்காலியையும் இழுத்துப் போட்டான்.

இடம் கிடைப்பதுதான் பாடு. பிளாஸ்டிக் ஆஸ்திரேலிய நோட்டுகள் இன்னும் பளபளவென்று இருக்கின்றன. காகித நோட்டுகள் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, சிலவற்றில் எழுதிய பெயர்கள் புகையில் கரைந்துவிட்டன. ஒரு தாய்லாந்து நோட்டுக்கும் யாரோ ஒருவரின் நூலக அட்டைக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் கண்டுபிடித்தோம். அண்ணா தன் பையிலிருந்து இலங்கை இருபது ரூபாய் எடுத்தார், அதை ஐந்நூற்றின் கீழேயே குத்தினார். இரண்டிலும் தமிழ் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவரே விரலால் இரண்டு எழுத்துகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். நோட்டின் பின்னால் நாங்கள் நால்வரும் பெயர் எழுதியிருக்கிறோம்.

இரவில் கிட்டாரோடு ஒருவர் பாடினார். சீக்கிரம் தூங்குகிறவர்கள் கூடாரத்தை மேடையிலிருந்து தள்ளிப் போடுவது நல்லது. ஜூலை இரவு குளிரும், போர்வை எடுத்துப்போங்கள். பகலில் ஈ, முகத்துக்கு வலை வாங்கக் கூச்சப்படாதீர்கள். தோழியும் நானும் கடைசியாக ஒரு முறை கூடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம். அங்கே என்ன பேசினோம், ஏதாவது விட்டுவந்தோமா என்பது இந்த விமர்சனத்தில் வராது. என் அம்மா இதைப் படிப்பார்.

காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பினோம். போக்குவரத்து விளக்கு முன்பு அண்ணா பிரேக் போட்டார். தெரு முழுக்க ஓர் ஆள் இல்லை. "அண்ணா, அது சும்மா வைத்திருப்பது" என்றேன். "சிவப்பு எண்டால் சிவப்புத்தானே" என்று ஸ்டியரிங்கில் கைவைத்தபடி இருந்தார். கண்ணாடியில் பார்த்தால், எங்கள் பின்னால் அந்தத் தபால் தந்தித் தம்பதியின் கேரவனும் வந்து பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.